ஹார்வியைத் தூக்க ஆறு பேர்

லிஃப்டுக்குள் வைத்துத்தான் அன்புராசாவுக்குச் செய்தி கிடைத்தது. கட்டடத்தைப் பராமரிக்கிற போர்த்துக்கேயன் குப்பைப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "உன் பக்கத்து வீட்டுக் கிழவன் நேற்று ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டான்" என்றான். பதினோராம் மாடியில் கதவு திறந்தது. அன்புராசா இறங்கவில்லை. லிஃப்ட் பதினாறுவரை போய்த் திரும்பி வந்தது.

அவனுக்கு முதலில் வந்தது துக்கமில்லை. ஆறு பேர் வேண்டும் என்பதுதான். தன்னோடு ஒன்று. மிச்சம் ஐந்து.

ரொறன்ரோப் பக்கம், டோர்செட் பார்க்கில், கென்னடி வீதியோரம் நிற்கிற அந்தக் கட்டடத்தில் பகலில் சனம் இருக்காது. வேலைக்காரர் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. மிஞ்சுவது இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களும் கிழவர்களும்தான். அன்புராசாவுக்குப் பாண் சுடுகிற பக்டரியில் இரவு வேலை. வயது முப்பத்தாறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்டால் "சண்டை" என்பான். அது பாதி உண்மை. கூட இருந்தவன் யூனியன்வில்லில் வீடு வாங்கிய தமக்கையோடு போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவன் ஒருவன்தான்.

அவனுடைய பல்கனிக்கும் செத்த கிழவர் ஹார்வியின் பல்கனிக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பின்னேரம் ஏழரைக்கு ஒரு ரேடியோ பேஸ்போல் வர்ணனை சொல்லத் தொடங்கும். தொண்ணூற்றுநாலாம் ஆண்டுக் கோடையில், கழுவிய சாரத்தைக் காயப்போட வந்த அன்புராசா அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, தட்டியின் விளிம்பால் ஒரு பெரிய சிவந்த முகம் எட்டிப் பார்த்தது.

"நீ கிரிக்கெட் நாட்டவனா?"

"ஆம்."

"ஐந்து நாள் விளையாடி ஒருவரும் வெல்லாத விளையாட்டு."

"உங்கள் விளையாட்டில் அடிப்பதைவிடத் துப்புவது அதிகம்."

கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். அதன் பிறகு அவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தது. அன்புராசாவுக்கும் அப்படித்தான்.

ஹார்வி டன்லப், எழுபத்துநாலு வயது. மனைவி செத்துப் பன்னிரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை, கல்கரியில் ஒரு மருமகள், தங்கையின் மகள். கைவிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோணியிருந்தன. அவர் ஒரு காலம் பேஸ்போல் விளையாடியவர். அடிப்பவனுக்குப் பின்னால், முகமூடி போட்டுக் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவர். நம் விக்கற்கீப்பர் மாதிரி, ஆனால் ஆட்டம் முழுக்கக் குந்தவேண்டும். பதர்ஸ்ட் வீதி போய் ஏரியில் முட்டுகிற இடத்தில் முன்பு ஒரு மைதானம் இருந்ததாம். அங்கே இரண்டு வருடம் ரொறன்ரோவுக்கு விளையாடியிருக்கிறார். இப்போது மைதானமும் இல்லை, அந்த அணியும் இல்லை.

"பெரிய லீக் இல்லை. அதற்குக் கீழே. பெரிய லீக்குக்கு நான் ஒருநாளும் போகவில்லை" என்றார். சொல்லும்போது வெட்கமோ வருத்தமோ இல்லை, மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

"ஏன் விட்டீர்கள்?"

"மைதானத்து லைற். இரவு ஆட்டங்களில் பந்து நேரே மேலே எழும்பும். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அண்ணாந்து பார்க்கவேண்டும். பார்த்தால் எனக்கு லைற் மட்டும்தான் தெரியும். பந்து எங்கேயாவது விழும், சனம் கூவும். பகலில் நான் நல்ல ஆட்டக்காரன். ஆனால் வேலைக்குப் போகிற சனத்துக்கு இரவில்தானே ஆட்டம் வைப்பார்கள்?"

லைற் ஏன் அப்படிச் செய்தது என்று அன்று அவர் சொல்லவில்லை. அன்புராசாவும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி விளையாட்டுக்காரர் எல்லோரும் வேலைநிறுத்தம் என்று போய்விட்டார்கள். ரேடியோவில் ஆட்டம் நின்றது. ஹார்வி ஏழரைக்கு அதைப் போட்டுப் பார்ப்பார், யாராவது பேச்சுவார்த்தை பற்றிப் பேசுவார்கள், நிறுத்திவிடுவார்.

செப்ரெம்பர் முதல் கிழமை ஏரிக்கரையில் விமானச் சாகசம் காட்டுவது வழக்கம். அதற்குப் பயிற்சி எடுக்கிற ஜெற் ஒன்று ஸ்காபரோப் பக்கம் தாழப் பறந்து போனது. சத்தம் வந்தபோது அன்புராசா சாரம் உதறிக்கொண்டு நின்றான். சத்தம் போன பிறகு பார்த்தால், ஈரச் சாரத்தைத் தலையில் போட்டபடி சிமெந்தில் குப்புறக் கிடந்தான். வெட்கமாக இருந்தது. கனடா வந்து ஐந்து வருடம்.

தட்டிக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளால் ஹார்வியின் முகம் தெரிந்தது. அந்த வயதிலும் பந்து பிடிக்கிறவர் குந்துவது போலக் குந்தியிருந்தார்.

"எங்கே பழகினாய்?"

"ஊரில். குண்டு போடப் பொம்மர் வரும். முதலில் சுற்றும், பிறகு தாழப் பதியும். பதிந்தால் விழுந்து படுக்கவேண்டும்."

ஹார்வி ஒரு கையைச் சிமெந்தில் ஊன்றினார். பிறகு, "நான் ஓட்டியவன்" என்றார்.

"எதை?"

"பொம்மர். எங்கள் யுத்தத்தில். இங்கிலாந்தில் இருந்து ஜெர்மனிக்கு, முப்பத்தொரு தரம்."

"சனத்தின் வீடுகளுக்கு மேலேயா?"

"பட்டணங்களுக்கு மேலே. வீடில்லாத பட்டணம் நான் கண்டதில்லை." பிறகு தானாகவே சொன்னார்: "கீழே இருந்து தேடுவிளக்குப் பிடிப்பார்கள். நாலைந்து சேர்ந்து பிடித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் அந்த லைற்."

அன்புராசா எழும்பிச் சாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

ஒன்பது நாள் பல்கனிக்குப் போகவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். உடுப்பைக் குளியலறையில் காயப்போட்டான். அது காயவில்லை, மணத்தது.

பத்தாம் நாள் தட்டியில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. போனான்.

"முழுக்க நிறுத்திவிட்டார்கள். கடைசிப் போட்டிகளும் இல்லையாம். இரண்டு உலகப்போரும் நிறுத்தாததை இவர்கள் நிறுத்திவிட்டார்கள்" என்றார் ஹார்வி. மெலிந்திருந்தார். மெலிந்துகொண்டு வந்ததைத் தான் கவனிக்கவில்லை என்று அப்போதுதான் அன்புராசாவுக்குத் தெரிந்தது. "டொக்டரும் எனக்கு அதைத்தான் சொல்கிறான். அடுத்த வருட ஆட்டம் கிடையாதாம்."

அன்புராசா தட்டிக்குக் கிட்டப் போனான்.

"உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். எனக்கு ஆறு பேர் வேண்டும்."

கடைசித் தடவை திரும்பி வரும்போது எஞ்சின் எரிந்ததாம். இங்கிலாந்துக் கரையில் ஒரு வயலில் விமானத்தை இறக்கியிருக்கிறார். ஏறியது ஏழு பேர். நடந்து வெளியே வந்தது அவர் ஒருவர்தான். "மற்ற ஆறு பேரையும் புதைக்கும்போது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். யார் தூக்கினார்கள் என்றுகூடத் தெரியாது. இங்கே நான் போய் விசாரித்தேன். ஆள் இல்லாவிட்டால் பெட்டியைச் சில்லு வைத்த வண்டியில் வைத்துத் தள்ளுவார்களாம், கடையில் சாமான் தள்ளுவது போல. எனக்கு அது வேண்டாம். உன்னிடம் ஆட்கள் இருக்கிறார்களா?"

"ஆம்" என்றான் அன்புராசா. இல்லை என்று சொன்னால் காரணம் சொல்லவேண்டும். ஆம் என்பதற்குக் காரணம் தேவையில்லை.

சொல்லும்போதே மனதுக்குள் எண்ணினான். வேலைக்குப் போகிற வான் வண்டியில் தன்னைத் தவிர ஐந்து பேர். தன்னோடு ஆறு. நாளைக்குத் தான் செத்தால் ஐந்து பேர்தான் என்பதும் கூடவே வந்தது.

அந்த வான் சண்முகநாதன் அண்ணையுடையது. ஐம்பத்திரண்டு வயது, ஊரில் கூட்டுறவுச் சங்க மனேச்சர், இங்கே பாண் வேகிற அடுப்புக்குப் பொறுப்பு. இரவில் வீடு வீடாக ஆட்களை ஏற்றிப் போய், காலையில் திரும்ப வீடு வீடாக இறக்குவார். அவர் வந்தால் மற்ற நாலு பேரும் வருவார்கள். அவர் வராவிட்டால் வான் இல்லை, ஆளும் இல்லை. அவருடைய மூத்த மகள் தொண்ணூறாம் ஆண்டு ரியூசனுக்குச் சைக்கிளில் போகும்போது பொம்மர் அடித்துச் செத்தவள். பதினாறு வயது. அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. வருடத்தில் ஒருநாள் வானில் பாட்டுக் கசற் போடமாட்டார். அன்றைக்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஹார்வி செத்ததைக் கேள்விப்பட்ட மறுநாள் காலை, ஷிப்ட் முடிந்து எல்லோரும் கோப்பிக் கடையில் நின்றபோது அன்புராசா தொடங்கினான்.

"அண்ணை, ஒரு உதவி."

"கலியாணம் பேசச் சொல்லாதை. உன்ரை மூஞ்சைக்கு என்னாலை ஏலாது."

"செத்த வீடு அண்ணை. பக்கத்து வீட்டுக் கிழவர், வெள்ளைக்காரன். தூக்க ஆளில்லை."

"வெள்ளைக்காரனைத் தூக்க நாங்கள் ஏன்ரா?" என்றான் அல்பேட். மன்னார்க்காரன், எதற்கும் முதலில் மாட்டேன் என்பான், பிறகு முதல் ஆளாக வருவான். "அவங்கள் எங்களைத் தூக்குவாங்களோ?"

"உன்னைத் தூக்கக் கிரேன்தான் வேணும்" என்றான் றொய்சன். அவன்தான் கூட்டத்தில் இளையவன். பருத்தித்துறைச் சகோதரர் இருவரும் சிரித்தார்கள். அவர்கள் எப்போதும் சேர்ந்துதான் சிரிப்பார்கள்.

சண்முகநாதன் சிரிக்கவில்லை. "ஆக்கள் ஒருத்தருமில்லையோ?"

"ஒரு மருமகள். அவ தூரத்திலை இருந்து வாறா. ஆளில்லாட்டி வண்டிலிலை வைச்சு உருட்டுவினமாம்."

"பிணத்தையோ?" கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். "கலியாணத்துக்குச் சொன்னால் போகலாம். செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போகவேணும். நீ சொல்லியும் விட்டாய். ஆள் என்ன வேலை பாத்தவர்?"

"பந்தடிக்காரன் அண்ணை. பேஸ்போல்."

"ரீவியிலை வந்தவரோ?"

"இல்லை. அதுக்குக் கீழை, சின்ன லீக்."

"வேறை?"

அன்புராசா கோப்பிக்குள் பார்த்தான். "வேறை ஒண்டுமில்லை அண்ணை."

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சேமக்காலைக் கல்லறைகளுக்கு நடுவிலேயே இருந்த சின்னக் கோயிலில் பூசை. ஆறு பேரும் வெள்ளைச் சேட்டோடு வந்தார்கள். கதவடியில் நின்று, உள்ளே சிலுவையைக் கண்டதும், யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார்கள். முதலில் அல்பேட், பிறகு எல்லோரும். வாசலில் ஆறு சோடி சப்பாத்து வரிசையாக நின்றது. சவ அடக்கக் கம்பனி ஆள் அதைப் பார்த்துவிட்டுக் கதவை அகலத் திறந்து பிடித்தான்.

உள்ளே பாதிரியார், கல்கரி மருமகள், பதக்கம் குத்திய நீலக் கோட்டோடு இரண்டு கிழவர்கள். பெட்டி மூடியிருந்தது, மேலே கொடி. ஒரு மூலையில் கறுப்புச் சீலை சுற்றிய சில்லு வண்டி நின்றது.

அன்புராசா ஹார்வியின் வீட்டில் இரண்டு படங்கள் பார்த்திருக்கிறான். ஒன்றில் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குந்தியிருப்பார். அதைத்தான் வைப்பார்கள் என்று நினைத்திருந்தான். மருமகள் மற்றதை வைத்திருந்தாள். பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தாள்.

ஊர் வழக்கப்படி சண்முகநாதன் நேரே தலைமாட்டுக்குப் போனார். முகம் பார்க்க வழியில்லாததால் படத்தைப் பார்த்தார். தொப்பியைச் சரித்துப் போட்ட ஒரு பொடியன் விமானத்தில் சாய்ந்துகொண்டு நிற்கிறான். அவனுக்கு மேலே, தகரத்தில், வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குண்டுகள் கீறியிருந்தன. சண்முகநாதனின் விரல் அந்த வரிசை வழியே போனது. மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து. முப்பத்தோராவதைக் கீறுவதற்கு விமானம் மிஞ்சவில்லை.

"உது என்னடா?" திரும்பாமலே கேட்டார்.

"பிளேன் அண்ணை."

"பிளேன் எண்டு எனக்குத் தெரியும். உந்தச் சின்னச் சின்னது?"

பொய் சொல்ல இன்னும் இடமிருந்தது. அன்புராசாவுக்கு வாய் வரவில்லை. "ஒருக்காப் போட்டிட்டு வந்தால் ஒண்டு கீறுவினம்."

"என்னத்தைப் போட்டிட்டு?"

"குண்டு."

சண்முகநாதன் சத்தம் போடவில்லை. படத்தை இன்னொரு தரம் பார்த்தார். யாராவது கேட்டு மகளின் படத்தை வெளியே எடுத்தால் பார்க்கிற அதே மாதிரிப் பார்த்தார். பிறகு நடுவழியால் வாசலுக்கு நடந்து போனார். பாதிரியார் தொடங்கினார். அன்புராசா திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஐந்து சோடி சப்பாத்துத்தான் நின்றது.

பாதிரியார் என்ன சொன்னார் என்று அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. முடிந்ததும் கம்பனி ஆள் வந்து காதுக்குள், "ஒருவர் குறைகிறார் போலிருக்கிறது. பரவாயில்லை, வண்டி இருக்கிறது" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். சில்லு உருளுகிற சத்தம் கேட்டது.

"இரண்டு நிமிஷம்" என்றுவிட்டு அன்புராசா வெறும் சொக்ஸோடு வெளியே ஓடினான். முதல் நாள் பெய்த மழை. வானடிக்குப் போகமுன் கால் நனைந்துவிட்டது.

சண்முகநாதன் ஸ்ரியரிங்கில் கை வைத்தபடி இருந்தார். எஞ்சின் போடவில்லை.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் வந்திருப்பியளோ அண்ணை?"

"அதை நான் சொல்லவேணும். எனக்காக நீ சொல்லக்கூடாது."

அன்புராசா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்றுக்கு மேப்பிள் இலைகள் வானின் கண்ணாடியில் வந்து ஒட்டின.

"அந்தாளுக்குத் தெரியுமோ, நீ எங்கையிருந்து வந்தனி எண்டு? உன்ரை தலைக்கு மேலை என்ன வந்ததெண்டு?"

"தெரியும். சொன்னனான்."

"கேட்டிட்டு?"

"தானும் ஓட்டினதெண்டு சொன்னவர்."

"நீ கேட்டனியோ?"

"இல்லை. அவராச் சொன்னவர்."

சண்முகநாதன் முதன்முறையாக அவனைப் பார்த்தார். "பொம்மர் ஓட்டினவன் உனக்கு ஒளிக்கேல்லை. நீ எனக்கு ஒளிச்சிருக்கிறாய். நாலு வருசமா உன்னை வீட்டு வாசலிலை ஏத்தி வீட்டு வாசலிலை இறக்கிறன்."

எல்லாம் சொல்லிக் கேட்டிருந்தால் இவர் வந்திருப்பார் என்று அன்புராசாவுக்கு இப்போது தெரிந்தது. வந்திருக்கமாட்டார் என்றும் தெரிந்தது. எது என்று இனி ஒருநாளும் தெரியாது.

சண்முகநாதன் இறங்கினார். "செத்தவனோடை எனக்கென்ன கோவம். உருட்ட விடேலாது. தூக்கிறன். அதுக்குப் பிறகு என்னோடை கதையாதை."

வாசலுக்கு வந்து, குனிந்து, கயிறு அவிழ்த்து, சப்பாத்தைக் கழற்றி மற்ற ஐந்தோடும் வரிசையில் வைத்தார்.

கம்பனி ஆள் கைபிடிகளைக் காட்டினான். இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும் என்றான். சண்முகநாதன் அவனைக் கவனிக்கவில்லை. முன்னால் போய்க் குனிந்து பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார். அவர் ஏற்றினால் மற்றவர்களும் ஏற்றத்தானே வேண்டும். கொடி சரிந்தது. மருமகள் ஓடிவந்து பிடித்தாள். "மெதுவாய், மெதுவாய்" என்று ஆங்கிலத்தில் யாரோ சொன்னார்கள். கிழவர்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார்கள்.

பக்கக் கதவால் போகவேண்டியிருந்தது. சப்பாத்துகள் முன்வாசலில் கிடந்தன. ஆறு பேரும் சொக்ஸோடு ஈரப் புல்லில் இறங்கினார்கள். குழிவரை இருநூறு அடி இருக்கும். அல்பேட் உயரம், சண்முகநாதன் கட்டை. பெட்டி ஒரு பக்கம் சரிந்து சரிந்து போனது. "அண்ணை, கொஞ்சம் உயத்துங்கோ" என்றான் றொய்சன். "எனக்கு உவ்வளவுதான் உயரம். நீ பணி" என்றார் அவர். அவருக்குப் பின்னால் நடந்த அன்புராசாவுக்கு அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. வேர்வையில் சேட்டுக் கொலர் நனைந்துகொண்டு வந்தது. ஒரு பெரிய ஆள் தோளில் இருக்கிறார் என்ற பாரம் இல்லை. ஹார்வி கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போயிருந்தார்.

பெட்டி இறங்கியது. மற்றவர்கள் மண் போட்டார்கள். சண்முகநாதன் போடவில்லை. திரும்பி நடந்தார்.

மருமகள் ஆறு பேருடைய கையையும் பிடித்து நன்றி சொல்ல விரும்பினாள், ஆனால் ஐந்து பேர்தான் நின்றார்கள். "என் மாமாவை எப்படித் தெரியும்?" என்று அன்புராசாவைக் கேட்டாள். "பேஸ்போல்" என்றான்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வானடிக்கு வந்தபோது மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அன்புராசா கதவில் கை வைத்தான்.

"இடமில்லை" என்றார் சண்முகநாதன், முன்னால் பார்த்தபடி.

"ஆறு பேர் இருக்கலாந்தானே அண்ணை, வரேக்கை இருந்தனாங்கள்" என்றான் றொய்சன்.

"வரேக்கை இருந்தது."

அல்பேட் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். பருத்தித்துறைச் சகோதரர் இருவரும் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வான் போனது. அன்புராசா பஸ் எடுத்து, மாறி, இன்னொன்று எடுத்து வீட்டுக்கு வந்தான். ஈரச் சொக்ஸைக் கழற்றும்போது கால்விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன.

வேலையில் சண்முகநாதன் அவனை ஒதுக்கவில்லை. இந்தத் தட்டை எடு, அதை வை என்று சொல்வார். வேலைக்கு வேண்டியதைச் சொல்வார், அவ்வளவுதான். பனிக்காலத்தில் சில நாள் கென்னடிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு வான் நிற்கும், பஸ் தரிப்பில் அன்புராசா நிற்பான். றொய்சன் கை காட்டுவான். விளக்குப் பச்சையாகும்.

ஹார்வியின் வீட்டுக்கு ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் பல்கனியில் சைக்கிள்களை அடுக்கித் தட்டியின் இடைவெளியை மரப்பலகையால் அடைத்தார்கள். மருமகள் போகும்போது எதையாவது எடுத்துக்கொள் என்று சொன்னதால் ரேடியோ மட்டும் அன்புராசாவிடம் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் வேலைநிறுத்தம் முடிந்து ஆட்டம் தொடங்கியது. ஏழரைக்கு ரேடியோவைப் போட்டுப் பல்கனியில் உட்கார்ந்தான். பாதி விளங்கியது. விளங்காத பாதியைக் கேட்க ஆளில்லை. ஒருமுறை பந்து நேரே மேலே எழும்பியது என்றும், பிடிக்கிறவன் முகமூடியைக் கழற்றிவிட்டான் என்றும் வர்ணனைக்காரன் சொன்னான். சனத்தின் சத்தம் ஏறியது. அன்புராசா மணியைப் பார்த்தான். வானில் போன நாட்களில் ஆட்டம் முடியும்வரை இருந்து கேட்க நேரமிருந்திருக்கும். பஸ்ஸில் போவதென்றால் ஒன்பது சுற்று ஆட்டத்தில் ஏழாவதோடு எழும்பவேண்டும்.

ரேடியோவை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டினான்.